முழுக் குதிரையா, முன்பாதியா, தலை மட்டுமா?

கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத் தொடர்மாடி வீடுகளில், சிற்றுருவப் படைவீரர்களைச் செய்து வர்ணம் தீட்டும் நம்மில் பலருக்குக் கிடைக்கும் காட்சியிடம் ஒரேயொரு கண்ணாடி அலுமாரி. அதன் தட்டில் 120 மில்லிமீற்றர் உயரப் படைவீரன் தாராளமாக நிற்பான். அவனுடைய குதிரையையும் கூட நிறுத்தப் போகும்போதுதான் இடம் முட்டுகிறது. பதினைந்து கை உயரக் குதிரை என்றால், கைக்கு 4 அங்குலமாக, தோள்வரை 152 சென்ரிமீற்றர். அந்த வீரனுக்குப் பொருந்தும் 1/16 அளவில் அது ஒன்பதரை சென்ரிமீற்றராகும். மூக்கு முதல் வால் வரை ஏறத்தாழ 15. தலையும் மார்பும் மட்டும் வரும் மார்பளவு உருவங்களுக்கு வழக்கமான 1/10 அளவுக்குப் போனால் நீளம் 24ஐத் தொடும். குதிரையில் ஒரு பகுதியை மட்டும் காட்டலாமா என்ற யோசனை இங்கேதான் பிறக்கிறது.

காட்டலாம். ஆனால் மனிதனுக்கு ஒரு விதி, குதிரைக்கு இன்னொரு விதி என்று வெட்டக்கூடாது. இந்த அலசல் முழுவதும் நான் பிடித்துக்கொண்டு நிற்பது இதைத்தான்.

முழுக் குதிரையின் பலம் கால்கள். வாட்டர்லூவில் 1815இல் பாய்ந்த ஸ்கொட்ஸ் கிரேஸ் என்ற பிரித்தானியக் குதிரைப்படையைச் செய்கிறீர்கள் என்றால் கால்கள் இல்லாமல் பாய்ச்சல் இல்லை; அங்கே பாதிக் குதிரைக்குப் பேச்சே கிடையாது. இடம்தான் தடை என்றால் அளவைக் குறையுங்கள். வீரன் 54 மில்லிமீற்றர் உயரம் நிற்கும் அளவில், அதாவது ஏறக்குறைய 1/32இல், முழுக் குதிரையும் ஏழரை சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். பெரிய அளவில் செய்யும்போது நம் ஊர் வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வார்த்த மெல்லிய கால்கள் வெயில் படும் அலுமாரியில் மெல்ல வளையும். வெள்ளீயக் கலவையான வெள்ளை உலோகத்தில் வார்த்த குதிரை தன் பாரத்தாலேயே கணுக்காலில் சாயும். காலுக்குள் கம்பி செருகுவது அவசியம். கடற்காற்று வீசும் கொழும்பில் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும், பித்தளைக் கம்பியே வேண்டும்.

தலையும் கழுத்தும் மட்டும் வரும் அமைப்பு, மார்பளவு வீரனுக்குப் பக்கத்தில் வைப்பதற்கென்றே அமைந்தது போலப் பொருந்தும். மனிதன் மார்போடு நிற்கிறான், குதிரையும் மார்போடு நிற்கிறது. இரண்டும் ஒரே மரபில் வெட்டப்பட்டவை என்று பார்ப்பவருக்கு உடனே புரிந்துவிடும். வெட்டும் இடத்தில்தான் கவனம் வேண்டும். கழுத்தின் நடுவில் நேராக அறுத்தால் வேட்டைக்காரர் சுவரில் மாட்டிய தலை மாதிரி ஆகிவிடும். தோள்முனையைத் தாண்டி, மார்வார் (குதிரையின் மார்புக்குக் குறுக்கே போகும் தோல்வார்) கடந்து செல்லும் இடம் வரை வைத்திருங்கள். அப்போது கழுத்தின் தசை எங்கிருந்து எழுகிறது என்பது தெரியும், மார்வாரும் அர்த்தமுள்ளதாகும்.

இந்த அமைப்பில் குதிரையின் முகம்தான் நாடகம் முழுவதையும் சுமக்கிறது. குதிரைத் தலையின் நீளம் சுமார் 60 சென்ரிமீற்றர், மனிதத் தலையைப் போல இரண்டரை மடங்கு. வாங்கிய தலை 1/10 அளவில் 6 சென்ரிமீற்றருக்குக் கிட்டே வருகிறதா என்று அளந்து பாருங்கள்; வேறு வேறு தயாரிப்பாளர்களின் வீரனையும் குதிரையையும் சேர்க்கும்போது அது முக்கியம். கண்ணை மனிதக் கண் போல வெள்ளை வைத்துத் தீட்டக்கூடாது. அமைதியான குதிரையின் கண் பெரும்பாலும் முழுக் கருமை கலந்த பழுப்பு. கண்பாவை கிடைக்கோடாக இருக்கும். மிரண்டால்தான் வெண்விழி ஓரத்தில் தெரியும். காதுகள் முன்னோக்கினால் கவனம், பின்னால் படிந்தால் கோபம். வீரன் நிதானமாகப் பார்க்கும்போது குதிரைக்குப் படிந்த காது வைத்தால் ஒரே பீடத்தில் இரண்டு கதைகள் ஓடும். கடிவாளத்திலிருந்து புறப்படும் லகான் கட்டாயம் ஒரு கையில் போய் முடிய வேண்டும். வெட்டிய விளிம்பில் அந்தரத்தில் முடியும் லகான் எவ்வளவு நல்ல வர்ண வேலையையும் கெடுத்துவிடும்.

அடிமுதல் முடிவரை நிற்கும் வீரனுக்குப் பக்கத்தில், வயிற்றோடு வெறுமையாக அறுபட்ட குதிரையை நிறுத்துவதுதான் எனக்கு ஒப்பாத வழி. அவனுடைய சப்பாத்து வரை காட்டிவிட்டு, அவன் உயிரையே நம்பியிருந்த விலங்கைப் பாதியில் விட்டுவிடுவது அநியாயம். வெட்டிய பரப்பைக் கறுப்பாகத் தீட்டினாலும், பளபளப்பாகத் தேய்த்தாலும் கண் அங்கேயே போய் நிற்கும்.

அதே முன்பாதியை ஒரு லாயக் கதவுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்க வையுங்கள். மிச்ச உடல் உள்ளே இருக்கிறது என்று பார்ப்பவர் மனமே நிரப்பிக்கொள்ளும். ஸ்ரீரங்கத்துக் குதிரைத் தூண்களில் உடல் எங்கே முடிகிறது, தூண் எங்கே தொடங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டும் ஒரே கல். கதவுக்குப் பதில் இடிந்த மதில், மரக்கூட்டம், வண்டியின் பின்புறம் எதுவும் ஆகலாம். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வெட்டு தெரியக்கூடாது. அதனால் இது சுவரோர அலுமாரிக்கு ஏற்றது, நாற்புறமும் சுற்றிப் பார்க்கும் மேசைக்கு ஏற்றதல்ல. முன்புறத் திறப்பு வழியாக மட்டும் பார்க்கும் பெட்டி டயோராமா, அதாவது பெட்டிக்குள் அமைத்த சிறு காட்சி, இன்னும் பாதுகாப்பானது. அமெரிக்கரான ஷெப்பர்ட் பெயின் அந்த வகைக்குப் பெயர்பெற்றவர். பார்வையின் கோணத்தைப் பெட்டியே தீர்மானிப்பதால், திறப்புக்கு வெளியே போகும் பின்பாதியைச் செய்யவே தேவையில்லை.

எந்தப் படைக்கு எது என்றும் பார்க்க வேண்டும். 1900இல் இலங்கையிலிருந்து தென்னாபிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் போனவர்கள் குதிரையேறிய காலாட்படையினர். இத்தகைய படைகள் குதிரையில் போய், இறங்கி நின்று சுடும். வழக்கமாக நால்வரில் ஒருவர் மற்றவர்களின் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு மறைவில் நிற்பார். பாறைக்குப் பின்னால் இரண்டு மூன்று குதிரைத் தலைகள், முன்னே லகான்களைச் சேர்த்துப் பிடித்த ஒருவன்: பாதிக் குதிரைக்கு இதைவிட உண்மையான காட்சி கிடைக்காது. நம் ஊர் வரலாறும் கூட. இந்தியாவில் 1803இல் எழுந்த ஸ்கின்னர் குதிரைப்படையின் மஞ்சள் அங்கிக்கு மார்பளவு உருவமும் தலையும் போதும், நிறமே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

கால் முறிந்து ஒதுக்கிவைத்த பழைய குதிரை எவரிடமாவது இருந்தால் எறிய வேண்டாம். முன்கால் இரண்டும் நலமாக இருந்தால் லாயக் கதவுக்கு அது போதும். முன்காலும் போயிருந்தால் அரைக்கதவு ஒன்றைக் குறுக்கே போட்டுவிடலாம்.