நல்ல தையல், பொல்லாத வெட்டு

சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றில் உள்ள பைண்டிங் கடையில் தாத்தாவின் வேதாகமத்தைக் கொடுத்து வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். கூலி 650 ரூபாய். நான்கு நாளில் தருகிறேன் என்றவர் பன்னிரண்டாம் நாள் தந்தார்.

தையலைக் குறை சொல்ல முடியாது. பாரம் பாரமாக, அதாவது மடித்த தாள்கட்டுகளாகப் பிரித்து, நூலால் கோத்து, மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையால் முதுகை ஒட்டியிருக்கிறார். பூச்சி அண்டாது. ஆதியாகமத்தில் திறந்தாலும் வெளிப்படுத்தின விசேஷத்தில் திறந்தாலும் புத்தகம் மேசையில் மல்லாந்து படுக்கிறது.

கெடுத்தது வெட்டு. கேட்காமலேயே மூன்று ஓரங்களையும் மெஷினில் கொடுத்து மட்டம் செய்துவிட்டார். அந்த ஓரத்தில்தான் என் பாட்டி இருந்தார்.

தாத்தா சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபை, தமிழாசிரியர். பாட்டி ஏற்காட்டுக் கத்தோலிக்கர். நேரில் அதிகம் பேசாதவர்கள், இந்தப் புத்தகத்தின் ஓரத்தில் ஆயுள் முழுக்க வழக்காடியிருக்கிறார்கள். மனிதன் எதனால் நீதிமானாகிறான் என்று சொல்லும் ரோமர் 3:28-இல் 'விசுவாசத்தினாலேயே' என்பதன் கடைசி எழுத்தை வட்டமிட்டு, "பிரிநிலை ஏகாரம்" என்று தாத்தா எழுதியிருக்கிறார்; மற்றதை விலக்கி 'மட்டும்' என்று பொருள் தரும் 'ஏ' அது. மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லை 1522-இல் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் தன் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் சேர்த்து வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. தமிழுக்கு ஓரெழுத்தில் வேலை முடிந்தது என்று கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. பாட்டி விடுவாரா? யாக்கோபு 2:24-இல், விசுவாசத்தோடு கிரியைகளும், அதாவது நற்செயல்களும் வேண்டும் என்கிற இடத்தில், 'மாத்திரமல்ல' என்பதன் அடியில் இரட்டைக் கோடு. "வாத்தியாரே, இதற்கு என்ன இலக்கணம்?" தையல் பக்கமாக எழுதியதால் இது தப்பித்தது.

லூக்கா 23:43-தான் வயிற்றெரிச்சல். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு அன்றைக்கே பரதீசு, அதாவது சொர்க்கம். "இவனுக்கு யார் தண்ணீர் வார்த்தார்? எந்தக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தான்?" என்று, ஞானஸ்நானமும் பாவ அறிக்கையும் இல்லாமலே அவன் தேறினான் என்ற வாதத்தால் தாத்தா மார்ஜினை அடைத்துவிட்டார். மிச்சமிருந்த விளிம்பில் பாட்டி நான்கு வரி எழுதியிருந்தார். இப்போது எந்த வரிக்கும் வால் இல்லை. முதல் வரியில் "ஆசை ஞானஸ்" என்று நிற்கிறது. ஞானஸ்நானத்தை விரும்பியும் அது கிடைக்கும் முன்பே தன் பாவங்களுக்காக மனம் வருந்தி இறப்பவனுக்கு அந்த ஆசையே போதும் என்ற கத்தோலிக்கப் போதனை அது; அந்த வரியை நான் நிரப்பிக்கொள்வேன். மற்ற மூன்றில் தாத்தாவை என்ன சொல்லித் திட்டினாரோ!

போய்க் கேட்டேன். "ஓரமெல்லாம் பழுப்பு ஏறியிருந்தது அக்கா, அழுக்கு என்று நினைத்தேன்" என்றார். கழிவுக் காகித மூட்டையை அவரே அவிழ்த்துக் கொட்டினார். முக்கால் மணி நேரம் கிளறினேன். ரசீதுப் புத்தக ஓரங்களும் கல்யாணப் பத்திரிகைத் துண்டுகளும்தான்.

கணக்கு நோட்டு, பாடப்புத்தகம் என்றால் தயங்காமல் கொடுக்கலாம். ஓரத்தில் யாராவது எழுதியிருந்தால், 'வெட்டக் கூடாது' என்று அட்டை மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். வாயால் சொன்னால் உள்ளே வேலை செய்யும் பையன் வரைக்கும் போய்ச் சேராது. பாட்டியின் ஜெபப்புத்தகமும் வீட்டில் பிரிந்து கிடக்கிறது. அதையும் இவரிடமே தைக்கக் கொடுப்பேன், மெஷின் பக்கத்தில் நானே நின்றுகொண்டு.