ரெண்டரை இன்ச் எக்ஸாஸ்ட் பைப், இரண்டு வருடம் கழித்து

ரெண்டரை இன்ச் போடலாமா, மூணு இன்ச் போடலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். அவருடையதும் என் கார் மாதிரி என்ஜின்தான். 1.6 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது. ஹெடர்ஸும் (சிலிண்டர்களிலிருந்து வாயுவை வெளியே கொண்டுவரும் குழாய்கள்) கேம்ஷாஃப்ட்டும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றி, இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூனிங்கும் முடிந்திருக்கிறது. ரெட்லைன், அதாவது என்ஜின் சுழலக்கூடிய உச்ச வேகம், நிமிடத்துக்கு 6,800 சுற்று (ஆர்.பி.எம்). இரண்டும் வேண்டாம், ரெண்டேகால் போதும் என்பதுதான் என் பதில்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) பின்னால் வால் நுனி வரை ரெண்டரை இன்ச் 304 ஸ்டெயின்லெஸ் பைப்பில் இரண்டு வருடம் ஓடிய காரை வைத்துச் சொல்கிறேன். முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பென்ட் எல்லாம் மாண்ட்ரல் (பைப் நசுங்காமல் உள்ளே தாங்கும் அச்சு) வைத்து வளைத்தவை, ஒரு இடத்தில்கூட நசுங்கல் இல்லை. உள்பக்கம் ஆர்கான் விட்டு டிக் வெல்டிங் செய்ததால் பைப்புக்குள் சர்க்கரை மாதிரி பொரிந்த கசடு கிடையாது, ஒரு ஜாயின்ட்கூட விரிசல் விடவில்லை. 5,000 தாண்டியதும் என்ஜின் திணறாமல் ரெட்லைன் வரை இழுக்கிறது. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் 2,700 ஆர்.பி.எம்மில் அந்த உறுமல்! டாப் கியரில் சீரான வேகத்தில் போகும்போது முள் நிற்கிற இடமே அதுதான். வெளியே நிற்பவருக்குச் சத்தம் சாதாரணமாகத்தான் கேட்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கோ காதுக்குள் யாரோ பஞ்சை வைத்து அமுக்குவது போல இருக்கும். 2,500இல் தொடங்கி 2,900இல் மறைகிறது. லேசான ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டினால் டிக்கி மூடியே அதிரும். ஒரு மணி நேரம் ஓட்டினால் தலைவலிதான்.

காரணம் எளிது. நாலு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 2,700ஐ 60ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால் 90 ஹெர்ட்ஸ். கார் கேபினுக்குள் இருக்கும் காற்றும், கூரைத் தகடும், டிக்கித் தளமும் இந்த மாதிரி தாழ்ந்த அதிர்வெண்ணுக்குச் சட்டென்று கூடச் சேர்ந்துகொள்ளும். கண்ணாடிப் பஞ்சு அடைத்த நேர்த்துளை சைலன்சர் மேல் அதிர்வெண்களை நன்றாக விழுங்கும், 90 ஹெர்ட்ஸை அப்படியே வெளியே விட்டுவிடும். பைப் பெரிதாகப் பெரிதாக இந்தத் தாழ்ந்த ஒலிக்கு வழி இன்னும் தாராளமாகிறது.

அந்தக் கூடுதல் கால் இன்ச்சில் கிடைத்தது என்ன? கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1.6 லிட்டர் என்ஜின் 6,800இல் விநாடிக்குச் சுமார் 86 லிட்டர் காற்று இழுக்கும். 600 டிகிரி செல்சியஸில் வெளியேறும்போது அது கிட்டத்தட்ட மூன்று மடங்காக விரியும், எரிந்த பெட்ரோலையும் சேர்த்தால் விநாடிக்கு 260, 270 லிட்டர். கடையில் சொல்லும் இன்ச் பைப்பின் வெளிவிட்டம் என்பதை மறக்கக் கூடாது. 1.5 மி.மீ தகட்டில் ரெண்டேகால் பைப்பின் உள்விட்டம் 54 மி.மீ, ரெண்டரைக்கு 60.5 மி.மீ. பரப்பு 23 சதுர செ.மீ, 28.7 சதுர செ.மீ. ஆக ரெட்லைனில் வாயு வேகம் ரெண்டேகாலில் விநாடிக்குச் சுமார் 115 மீட்டர், ரெண்டரையில் 90 மீட்டர். உராய்வால் வரும் அழுத்த இழப்பு கிட்டத்தட்ட பாதியாகிறது, உண்மைதான். ஆனால் அந்த இழப்பே சில கிலோபாஸ்கல்தான், அதில் பாதி குறைந்தால் மிஞ்சுவது ஒன்றிரண்டு குதிரைத்திறன். அதுவும் ரெட்லைன் பக்கத்தில் மட்டும். மூணு இன்ச் போட்டால் மிச்சமிருக்கும் சொற்பத்தில் இன்னும் கொஞ்சம் குறையும், எடையும் சத்தமும் கூடும், தரை இடைவெளி போகும். அவ்வளவுதான்.

பைப் பெரிதானால் குறைந்த ஆர்.பி.எம்மில் டார்க் (சுழற்று விசை) செத்துவிடும், என்ஜினுக்கு பேக் பிரஷர் (வெளியேறும் வாயுவை எதிர்க்கும் அழுத்தம்) வேண்டும் என்று பயமுறுத்துபவர்கள் சொல்வதும் சரியில்லை. எந்த என்ஜினுக்கும் பேக் பிரஷர் நல்லது செய்யாது. சிலிண்டரைக் காலி செய்ய உதவுவது ஹெடர்ஸ் குழாய்களில் ஓடும் அழுத்த அலை. அந்தக் குழாய்களின் நீளமும் விட்டமும், அவை ஒன்றுசேரும் கலெக்டரும்தான் டார்க் எங்கே வரும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தாண்டிய பிறகு அலையில் பெரிதாக வலு மிஞ்சுவதில்லை. ரெண்டரைக்கு மாறியதில் 2,000க்குக் கீழே பிக்கப் குறைந்ததாகச் சொல்ல முடியாது. பைப் பறித்தது அமைதியை மட்டும்தான்.

டர்போ வண்டிக்கு விஷயமே வேறு. எக்ஸாஸ்ட் வாயுவில் சுழலும் டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, ஒலியில் ஒரு பகுதியையும் டர்பைனே தின்றுவிடும். அங்கே ஒரு படி பெரிய பைப் போடுவதில் தப்பில்லை.

உறுமலுக்கு மருந்தாகப் பக்கக் கிளை பைப் ஒன்று போட்டாயிற்று. மெயின் பைப்பிலிருந்து டீ மாதிரி கிளம்பி, மறுமுனை அடைத்த பைப். நீளம் ஒலி அலையின் கால் பங்கு இருக்க வேண்டும். அதற்குள் வாயு ஓடாமல் தேங்கி நிற்பதால் மெயின் பைப்பைவிடச் சூடு குறைவு. 150 டிகிரி என்று வைத்தால் ஒலி வேகம் விநாடிக்கு 412 மீட்டர். அதை 90ஆலும் பிறகு நாலாலும் வகுத்தால் 1.14 மீட்டர். விட்டம் மெயின் பைப் அளவே இருந்தால்தான் முழுப் பலன். வால் நுனிக்குப் பக்கத்தில் வைத்தால் வேலை செய்யாது, அங்கே அழுத்த அலை எழும்பவே எழும்பாது. மூடியை முதலிலேயே வெல்டு செய்துவிடாமல், உள்ளே வெளியே நகர்த்தும்படி ஒரு துண்டுப் பைப்பில் கிளாம்ப் போட்டு, 15 செ.மீ வரை கூட்டிக் குறைத்து ஓட்டிப் பார்த்து, பிறகுதான் நிரந்தரமாக்க வேண்டும். முனை தாழ்ந்து தொங்கக் கூடாது. தொங்கினால் தண்ணீர் தேங்கும், நீளம் மாறிவிடும்.

பலன் இருக்கிறது. 2,700இல் டிக்கி அதிர்வது நின்றுவிட்டது. ஆனால் கிளை ஒரே ஒரு அதிர்வெண்ணைத்தான் அடக்கும். 3,200 பக்கம், ஏற்றத்தில் நாலாவது கியரில், அதே உறுமலின் தம்பி ஒன்று இன்னும் உட்கார்ந்திருக்கிறது. பைப் மேல் பைப்பாக ஒட்டவைத்து எடையைக் கூட்டிக்கொண்டே போவதற்கு ஓர் எல்லை இல்லையா?

பைப் அளவு எதுவானாலும் இடறும் இடங்கள் சில உண்டு. ரெண்டரை என்று விற்கும் சைலன்சரின் கழுத்து மட்டும் ரெண்டரையாக இருக்கும், உள்ளே துளைக் குழாய் ரெண்டு இன்ச்சாக இருக்கும். வெர்னியர் காலிப்பரைக் கழுத்துக்குள் விட்டு, அதையும் தாண்டி அளக்க வேண்டும். ஃப்ளேஞ்ச் கேஸ்கெட் துளை பைப்பைவிட மூன்று மி.மீ சின்னதாக இருந்தால் ஒவ்வொரு ஜாயின்டிலும் ஒரு வாசற்படி நிற்கிறது என்று அர்த்தம். 304 பைப் மூன்று மீட்டர் நீளத்துக்கு 300 டிகிரி சூடேறினால் 15 மி.மீ நீளும். பின் ஆக்ஸிலுக்கு மேலே வளையும் இடத்தில் 25 மி.மீயாவது விடாவிட்டால், நாலு பேர் ஏறி வேகத்தடையில் இறங்கும்போது டங்கென்று அடிக்கும். இதே இடத்தில் ரெண்டேகால் பைப் போட்டால் ஆறு மி.மீ சும்மாவே மிச்சம். ஃபிளெக்ஸ் பைப் (கம்பிப் பின்னல் சுற்றிய, வளைந்துகொடுக்கும் துண்டு) என்ஜின் அசைவுக்காக இருப்பது. கோணலாக வெல்டு செய்ததை இழுத்துப் பிடிக்க அதைப் பயன்படுத்தினால் பின்னல் பிய்ந்துவிடும்.

கேட்டவருக்குக் கடைசியாக ஒன்று. பின்னால் போகப் போக வாயு குளிரும். 600இலிருந்து 350 டிகிரிக்கு இறங்கினால் அதன் கனஅளவு முக்கால் பங்குக்கும் கீழே போய்விடும். எனவே நடு ரெசனேட்டர் (பைப் நடுவே இருக்கும் ஒலிக்குறைப்பான்) வரை ரெண்டரை, அங்கிருந்து வால் வரை ரெண்டேகால் என்றால்கூட வாயு வேகம் அதிகரிக்காது. வேலைத்தரத்துக்குப் பத்துக்கு ஒன்பது கொடுக்கலாம், ரெட்லைன் இழுவைக்கும் அப்படியே. ஆனாலும் திரும்ப வாங்கச் சொன்னால் வாங்கமாட்டேன். ரெசனேட்டருக்குப் பின்னால் இருக்கும் பாதியை அறுத்தெடுத்து ரெண்டேகாலும், உள்ளே தடுப்பு அறைகள் உள்ள சைலன்சரும் போடப் போகிறேன். ஃப்ளேஞ்சும் கூம்புக் குறுக்கியும் வந்துவிட்டன. அளந்து பார்த்தாயிற்று, உள்விட்டம் 54 சரியாக இருக்கிறது.