கூட்டுக் கணக்கின் பாஸ்புக்கில் என்ன பதியும்? கிஃப்ட் கார்டா, வாலெட்டா, யுபிஐ லைட்டா

திருமண நாள் பரிசோ, மருத்துவப் பரிசோதனையோ, வீட்டில் எல்லோரும் பார்க்கும் கணக்கிலிருந்து பணம் கொடுத்தால் கடையின் பெயர் ஸ்டேட்மென்ட்டில் விழுந்துவிடும். ப்ரீபெய்ட் வழிகள் மறைப்பது அந்த ஒரு வரியைத்தான். வங்கிக்கும் வரித்துறைக்கும் தெரியாமல் செலவு செய்யும் வழி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாங்குபவர் யார் என்பது கார்டு வழங்கும் நிறுவனத்திடம் பதிவாகியே இருக்கும்.

சின்னச் செலவுக்கு, யுபிஐ செயலிக்குள்ளேயே சிறு தொகையை முன்கூட்டி ஏற்றி வைத்துச் செலவழிக்கும் யுபிஐ லைட்டை மிஞ்ச எதுவுமில்லை. ஒரு முறைக்கு 1,000 ரூபாய், இருப்பு 5,000 வரை. பணம் ஏற்றியது மட்டும் பாஸ்புக்கில் ஒரு வரியாக வரும். மருந்துக்கடையும் பூக்கடையும் தனித்தனியாக வராது. ஆனால் செயலியைத் திறந்தால் முழு விவரமும் அங்கே இருக்கும். ரகசிய பின் (PIN) எண் கேட்காது என்பதால் போனுக்குப் பூட்டு கட்டாயம். போன் மாற்றும் முன் லைட்டை முடக்கி, மீதியைக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள்.

மாதாமாதம் தனிச் செலவு உள்ளவர்களுக்கு குறைந்தபட்ச விவரத்தில் திறக்கும் வாலெட் அல்லது அதன் கார்டு பொருந்தும். மொபைல் எண்ணும் ஒரு அடையாள எண்ணும் போதும். மாதம் 10,000, ஆண்டுக்கு 1,20,000 வரை ஏற்றலாம். இருப்பு எப்போதும் 10,000-ஐத் தாண்டக்கூடாது. பொருளும் சேவையும் வாங்கலாமே தவிர, ஏடிஎம்மில் எடுக்கவோ பிறருக்கு அனுப்பவோ முடியாது. ரொக்கமாக ஏற்றும் வகையை 24 மாதத்துக்குள் முழு கேஒய்சிக்கு (முழுமையான அடையாளச் சரிபார்ப்புக்கு) மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் இருப்பைச் செலவழிக்கலாம், புதிதாக ஏற்ற முடியாது.

ஒரே ஒரு பெரிய செலவென்றால் கிஃப்ட் கார்டுதான் சரி. உச்சவரம்பு 10,000, மறுபடி ஏற்ற முடியாது. கணக்கில் கார்டு வாங்கிய வரி மட்டும் இருக்கும். ஓடிபி எந்த எண்ணுக்குப் போகும் என்பதை வாங்கும்போதே பாருங்கள். குடும்ப எண்ணைக் கொடுத்துவிட்டால் மறைத்ததெல்லாம் வீண்.

பலர் மாட்டிக்கொள்வது கடைசி மீதியில். 5,000 ரூபாய் கார்டில் 4,630 செலவாகிவிட்டது, கையிலிருக்கும் பில் 420 என்று வையுங்கள். மீதி 370தான் என்பதால் முழுத்தொகைக்குத் தேய்த்தால் மெஷின் மறுத்துவிடும். தேய்க்கும் முன்பே கேஷியரிடம் “இதுல 370 போடுங்க, 50 கையில தர்றேன்” என்று சொல்ல வேண்டும். ஆன்லைனில் இரண்டு கார்டாகப் பிரித்துக் கட்டப் பெரும்பாலான தளங்கள் விடாது. அங்கே சரியாக 370-க்கு அந்தத் தளத்தின் வவுச்சரை வாங்கிக் கணக்கில் சேர்த்துக்கொள்வது சுலபம்.

செல்லுபடிக் காலம் குறைந்தது ஓராண்டு. வெளிநாட்டுத் தளங்களில் கிஃப்ட் கார்டு எடுபடாது. அதற்காக வாங்கிப் பணத்தை முடக்காதீர்கள்.

இன்னொன்று: பொருளைத் திருப்பினால் பணம் வழக்கமாக அதே கார்டுக்குத்தான் வரும். இருப்பு பூஜ்யம் ஆகிவிட்டதே என்று கார்டைக் கிழித்துப் போட்டவர்கள் ரீஃபண்டுக்காக வாடிக்கையாளர் சேவையோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்ட நேரும். ரிட்டர்ன் கெடு முடியும்வரை கார்டும் அதன் எண்ணும் பத்திரமாக இருக்கட்டும்.