புலாவ் திக்குஸில் ஓர் ஆளுமைச் சோதனை: 850 ரிங்கிட் தகுமா?

தம்பிக்கு மனச்சிதைவு நோய். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, மருந்தெல்லாம் அரசாங்க மருத்துவமனையில்தான். இவனுக்கு எந்த மாதிரி வேலை ஒத்துவரும் என்று அங்கே கேட்டதற்கு, வெளியே ஓர் ஆளுமைச் சோதனை செய்து அறிக்கை கொண்டுவந்தால் உதவியாக இருக்கும் என்றார்கள். பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவில் இருக்கும் புலாவ் திக்குஸுக்குப் போய், 850 ரிங்கிட் கட்டிச் செய்தோம். இடத்தின் பெயரைப் போடவில்லை, குறையும் சொல்லப்போகிறேன்.

முதல் குறை, மாடிப்படி. லிஃப்ட் கிடையாது. அடுத்தது முன்மேசை. தம்பி பக்கத்தில் நிற்கும்போதே அந்தப் பெண் என்னைப் பார்த்து, "இவர் கையெழுத்துப் போடுவாரா?" என்று கேட்டார். அவன் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, வேலை பார்த்தவன்.

உள்ளே இருந்த சைக்காலஜிஸ்ட் வேறு ரகம். சீனப் பெண்மணி, தம்பியிடமே "என்சிக்" (மலாயில் 'ஐயா' மாதிரி) என்று மரியாதை போட்டுப் பேசினார். மருந்தின் அளவு கடைசியாக எப்போது மாறியது, குரல்கள் கேட்பது எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் விசாரித்தார். நோய் ஏறியிருக்கும் நேரத்தில் சோதனை வைத்தால் அந்த வாரத்து நோய்தான் தாளில் பதியும் என்றார். காலையில் மாத்திரை மயக்கம் இருக்கும் என்றதும் நேரத்தைப் பிற்பகலுக்கு மாற்றி, பாதியில் நிறுத்தி இன்னொரு நாள் முடிக்கவும் விட்டார்.

செய்தது நியோ என்ற சோதனை. 240 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று ஐந்து படி. பதற்றம், கலகலப்பு, புதியதில் நாட்டம், இணக்கம், பொறுப்பு என்று ஐந்து பக்கமாக ஆளைப் பார்க்கிறார்கள். 567 கேள்வி உள்ள எம்.எம்.பி.ஐ. என்ற இன்னொரு சோதனை ஏன் வேண்டாம் என்று கேட்டேன். அது பெரும்பாலும் நோய்க்குறிகளைத் தேடுவது, நோய் என்னவென்றுதான் ஏற்கெனவே தெரியுமே என்றார்.

கூட்டம் பிடிக்குமா என்கிற மாதிரி ஓர் இடம் வந்தபோது தம்பி பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். "எந்தக் கூட்டம்? தண்ணீர்மலைத் தைப்பூசக் கூட்டமா, ஆஸ்பத்திரியில் நம்பருக்குக் காத்திருக்கிற கூட்டமா?" அவர் சிரித்துவிட்டு அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அவன் பேசாமல் இருப்பதில் எவ்வளவு சுபாவம், எவ்வளவு நோயின் மந்தம், எவ்வளவு மாத்திரை என்பது வெறும் மதிப்பெண்ணில் பிரியாது. நோய்க்கு முன்னால் பள்ளியில் எப்படி இருந்தான் என்று என்னிடம் நெடுநேரம் கேட்டது அதற்காகத்தான்.

கொடுத்த காசு தகும் என்று பட்டது இன்னொரு இடத்தில். அதே சோதனையில் கூட இருப்பவர் நிரப்புவதற்கென்று தனிப் படிவம் உண்டு, அதை நான் நிரப்பினேன். பொறுப்பு என்ற பகுதியில் நான் அவனுக்கு உயரமாகப் போட்டிருக்கிறேன், அவன் தனக்குத் தானே அடிமட்டத்தில் போட்டிருக்கிறான். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் என்று கேட்டார். "வேலை போயிடுச்சே" என்றான். நான் மாத்திரைப் பெட்டியையும், கடற்கரையில் உட்கார்ந்து கப்பல் பெயர்களை நேரத்தோடு எழுதி வைக்கிற அவனுடைய நோட்டையும் சொன்னேன். மனச்சோர்வு இருந்தால் ஆள் தன்னையே குறைத்துப் போடுவது சகஜம் என்று விளக்கினார்.

மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்குச் சராசரியாகப் பதற்றம் கூடுதல், கலகலப்பு குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அது கும்பலுக்கான கணக்கு, உள்ளே ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிறைய இருக்கிறது என்பதையும் அவர்தான் அழுத்திச் சொன்னார்.

இவ்வளவும் வாயால் சொன்னது. கையில் வந்த அறிக்கையோ கம்ப்யூட்டர் துப்பியது போல வரைபடமும் பொதுவான வாக்கியங்களும். ஒப்பீடு முழுக்கப் பொதுமக்களோடு, மருந்தைப் பற்றி ஒரு வரி இல்லை. சொன்ன தேதிக்கு வரவும் இல்லை. நான் கேட்டு வாங்கிய ஒரு பக்கக் குறிப்பைத்தான் மருத்துவமனையில் தொழில்வழிச் சிகிச்சை பார்ப்பவர் படித்தார். கவுண்டர் வேலை வேண்டாம், சரக்கு எண்ணி அடுக்கும் வேலையிலிருந்து தொடங்கலாம் என்றார்.

நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் போகிறவர்களுக்கு இது வேண்டாம், அதற்கு மனநல டாக்டர் இருக்கிறார். மற்றவர்கள் போகலாம். பணம் கட்டும் முன்பே மூன்று விஷயம் கேளுங்கள்: குடும்பத்தாருக்கான படிவம் சேர்த்தியா, முடிவை உட்கார்ந்து விளக்குவார்களா, அந்த விளக்கத்தை எழுத்தில் தருவார்களா. அப்புறம், மாடி ஏறுவதற்கு முன் பார்க்கிங் காசைக் கட்டிவிடுங்கள், நேரம் இழுக்கும்.