தாப்பா வானத்தில் வட்டமிடுவது எந்தக் கழுகு?

செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்கு மேலே பெரிய பறவை எது வட்டமடித்தாலும் எங்கள் ஊரில் அது வெறும் ‘கழுகு’தான். மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தாப்பாவில் ஒரு பக்கம் செம்பனையும் மிச்சமிருக்கும் பால்மரமும் (ரப்பர்). மறுபக்கம் கேமரன் மலைக்கு ஏறும் காடு. இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் ஆளைக் குழப்புபவை முக்கியமாக மூன்று: பாம்புக் கழுகு, குடுமிக் கழுகு, தேன் பருந்து. அளவில் பெரிய வித்தியாசம் கிடையாது. நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற வேண்டியதுதான்.

மூன்றில் சுலபமானது பாம்புக் கழுகு. அண்ணாந்து பார்த்தால் இறக்கையின் பின்விளிம்பு நெடுக அகலமான வெள்ளைப் பட்டை தெரியும், வாலிலும் ஒன்று. மற்ற இரண்டுக்கும் இவ்வளவு பளிச்சென்ற பட்டை இல்லை. வட்டமிடும்போது இறக்கைகளைச் சற்று மேலே தூக்கிப் பிடிக்கும். கத்திக்கொண்டே பறக்கும் பழக்கமும் உண்டு என்பதால் பல நேரம் காதுதான் முதலில் கண்டுபிடிக்கும். உட்கார்ந்திருந்தால் முகத்தைப் பாருங்கள்: அலகிலிருந்து கண் வரை மஞ்சள் தோல். காலும் மஞ்சள்தான், இறகில்லாத வெறுங்கால்.

இந்தக் கால் விஷயம் முக்கியம். பாம்புக் கழுகின் இளம் பறவை வெளிறிப்போய் இருக்கும். அதைப் பார்த்துக் குடுமிக் கழுகு என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. குடுமிக் கழுகுக்கோ கால்விரல் தொடங்கும் இடம் வரை இறகு மூடியிருக்கும். தொலைநோக்கி கையில் இருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது.

குடுமிக் கழுகில் வெளிர் நிறமும் உண்டு, முழுக்கக் கரும்பழுப்பும் உண்டு. வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பிறவியிலேயே அப்படி. அப்புறம், தமிழ்நாட்டுப் படங்களை வைத்துத் தேடினால் நீண்ட குடுமி இருக்கும். நம் பக்கத்துப் பறவைக்கு அது அனேகமாக இல்லவே இல்லை. பறக்கும்போது இறக்கை தட்டையாக இருக்கும், வால் நீளம்.

தேன் பருந்துதான் உண்மையான தலைவலி. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை எல்லா நிறத்திலும் வரும். போதாததற்கு, இங்கேயே தங்கும் இனம் காட்டுக் கழுகுகளின் உடையைப் போட்டுக்கொண்டு திரியும். ஆனால் தலையை மறைக்க முடியாது: கழுகு உடம்பில் புறாத் தலையை ஒட்டவைத்த மாதிரி, நீண்ட கழுத்தில் சின்னத் தலை. தேனடையைப் பிய்த்துப் புழுக்களைத் தின்பதால் முகத்தில் செதில் போன்ற நெருக்கமான இறகுகள் இருக்கும், கொடுக்கு ஏறாது.

மாதத்தையும் பாருங்கள். தேன் பருந்துகளில் பெரும்பாலானவை சைபீரியா, ஜப்பான் பக்கமிருந்து வருபவை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை தெற்கே போகும், பிப்ரவரி, மார்ச்சில் திரும்பும். திரும்பும்போது சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து போர்ட்டிக்சன் பக்கத்துத் தஞ்சோங் துவானில் கரையேறும். கடல்மேல் வெப்பக்காற்று தூக்கிவிடாது. அதனால் குறுகலான இடமாகப் பார்த்துக் கடந்து, களைத்துத் தாழ்வாக வரும். மலேசிய இயற்கைக் கழகம் 2000 முதல் மார்ச் மாதத்தில் அங்கே பருந்து பார்க்கும் நிகழ்ச்சி நடத்துகிறது. தலையை நன்றாகப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஜூன், ஜூலையில் தோட்டத்துக்கு மேலே கழுகு தெரிந்தால் நான் தேன் பருந்தைக் கடைசியில்தான் சந்தேகிப்பேன்.

மற்ற இரண்டும் இங்கேயே குடியிருப்பவை. பாம்பும் ஓணானும் கிடைத்தால் பாம்புக் கழுகு செம்பனை ஓரத்தையும் விடாது. குடுமிக் கழுகுக்குக் கூடு கட்ட உயர்ந்த மரம் வேண்டும். மறுநடவுக்காகத் தோட்டத்தை மொட்டையடித்து ஓரத்துப் பெருமரங்களையும் சாய்த்தால், அங்கே அதைத் தேடிப் பயனில்லை.

“என் கோழிக்குஞ்சை அந்தக் கழுகுதான் தூக்கிச்சு தம்பி” என்று பக்கத்து வீட்டு அக்கா கை காட்டியது வெள்ளைப் பட்டைக்காரனை. அவன் வாய்க்குப் பெரும்பாலும் பாம்புதான். கோழி மேல் கண் வைப்பது குடுமிக் கழுகு. ஆனால் அது இலை மறைவில் சத்தமில்லாமல் காத்திருந்து பாயும், வானத்தில் கத்தி விளம்பரம் செய்துவிட்டு வராது.