செயின்ட் லூயிஸ் கேட்வே ஆர்ச்: ஏழு நிமிட டிராமும் இரண்டு மணி நேர மியூசியமும்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் இருக்கும் செயின்ட் லூயிஸ் வழியாகக் காரில் போகிறவர்கள் இந்த ஊருக்குப் பெரும்பாலும் அரை நாள்தான் ஒதுக்குகிறார்கள். மிசிசிப்பி ஆற்றங்கரையில் நிற்கும் எஃகு வளைவான கேட்வே ஆர்ச் மேல் ஏறுவது, நாலு படம் எடுப்பது, இறங்குவது, அடுத்த ஊர். வளைவுக்குள்ளேயே உச்சிக்கு ஏற்றிச் செல்லும், காசு கொடுத்த டிராமுக்கு முழு நேரமும் போய்விடுகிறது. அதன் காலடியில் இலவசமாக இருக்கும் மியூசியத்தை டிராமுக்குப் போகும் வழி என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். மதிப்பெண் போடச் சொன்னால் டிராமுக்கு ஐந்துக்கு மூன்றரை, மியூசியத்துக்கு நாலரை, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய நீதிமன்றத்துக்கு ஐந்து.

முதலில் டிராம். டிக்கெட்டில் நேரம் குறித்திருக்கும். ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள், கோடை வார இறுதியில் நேரில் போய் நின்றால் பிற்பகல் நேரம் கிடைப்பதே பாக்கியம். நுழைவாயிலில் விமான நிலையம் போலவே சோதனை உண்டு, சாவிக்கொத்தில் தொங்கும் சின்னக் கத்திக்குக்கூட அனுமதி இல்லை. ஆகவே குறித்த நேரத்துக்கு அரை மணிக்கு முன்பாவது வாசலில் இருக்க வேண்டும். டிக்கெட்டைத் தவறவிடுபவர்களில் பாதிப்பேர் இந்த வரிசையில்தான் தவறவிடுகிறார்கள். மீதிப்பேர் கார் நிறுத்த இடம் தேடி. ஆர்ச்சைச் சுற்றியுள்ள பூங்காவுக்குச் சொந்தமாக வடக்குப் பக்கம் இருந்த பழைய பார்க்கிங் கட்டடத்தை இடித்துப் பூங்காவோடு சேர்த்துவிட்டார்கள், பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போனால் சுற்றவேண்டியதுதான். நகர மையத்தில் ஏதாவது ஒரு கட்டணப் பார்க்கிங்கில் விட்டுவிட்டு நடப்பதே வழி. மெட்ரோலிங்க் ரயில் இன்னும் எளிது.

ஒரு டிராமில் எட்டுக் கூண்டுகள், கூண்டுக்கு ஐந்து இருக்கைகள். கதவு நாலடி உயரம்தான், குனிந்து நுழைந்து குனிந்தபடியே உட்கார வேண்டும். எதிரில் இருப்பவர் முழங்காலோடு நம் முழங்கால் இடிக்கும். வளைந்த காலுக்குள் சாதாரண லிஃப்ட் ஏறாது என்பதால் டிக் பவுசர் என்பவர் லிஃப்டையும் ராட்டினத்தையும் கலந்து செய்த ஏற்பாடு இது. வளைவு சாயச் சாய, கூண்டு கடகடவென்று சத்தம் போட்டுத் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். அந்தச் சத்தம் கோளாறு இல்லை, குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஏற நாலு நிமிடம், இறங்க மூன்று. ஆனால் வரிசை, மேலே நிற்பது, இறங்கக் காத்திருப்பது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து அம்மா அப்பாவை அழைத்துவந்து காட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: மேலே போய்வர ஆறு கட்டங்களாகக் குறைந்தது 96 படிகள் ஏறி இறங்க வேண்டும். சக்கர நாற்காலிக்கு வழி கிடையாது, குழந்தைத் தள்ளுவண்டியும் ஏறாது, மேலே கழிப்பறையும் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களை மியூசியத்தில் விட்டுவிட்டு ஏறினால் அவர்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

மேலே இருப்பது 65 அடி நீளம், 7 அடி அகலத்தில் ஒரு வளைந்த கூடம். பக்கத்துக்குப் பதினாறு ஜன்னல்கள், ஒவ்வொன்றும் ஏழு அங்குல உயரம், 27 அங்குல அகலம். உயரம் ஏழே அங்குலம் என்பதை மறுபடி சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் கண்ணாடி மாடத்தை எதிர்பார்த்து வருபவர்களின் ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. சாய்ந்த சுவரில் வயிற்றை வைத்துப் படுத்தாற்போல் எட்டிப் பார்க்க வேண்டும். தெளிந்த நாளில் முப்பது மைல் தெரியும், மேகம் தாழ்ந்த நாளில் வெள்ளைத் துணி மட்டும். நகரம் மேற்கே, ஆறும் இல்லினாய் மாநிலமும் கிழக்கே. காலையில் போனால் வெயில் நகரத்தின் மேல் விழும், மேற்கு ஜன்னல் படங்கள் நன்றாக வரும்.

வளைவைப் பற்றிச் சுருக்கமாக: உயரம் 630 அடி, கால்களுக்கு இடையே அகலமும் 630 அடி. உயரம்தான் அதிகம் என்று கண் உறுதியாகச் சொல்லும், நம்பாதீர்கள். வெளியே துருப்பிடிக்காத எஃகு, உள்ளே கார்பன் எஃகு, முக்கோணக் குறுக்குவெட்டு. அந்த முக்கோணத்தின் பக்கம் அடியில் 54 அடி, உச்சியில் 17 அடி. கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் 1948-இல் போட்டியில் வென்ற வடிவம் இது. கடைசித் துண்டைப் பொருத்திய 1965 அக்டோபர் 28 அன்று வெயிலில் தெற்குக் கால் விரிந்துவிட்டதால், தீயணைப்புக் குழாய் கொண்டு தண்ணீர் அடித்துக் குளிரவைத்துத்தான் இரண்டையும் சேர்த்தார்கள்.

இனி மியூசியம். 2018 ஜூலையில் புதிதாகத் திறந்தது, தரைக்கு அடியில், வளைவின் இரு கால்களுக்கும் நடுவே. அதே ஆண்டு பிப்ரவரி வரை இந்த இடத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் ‘ஜெபர்சன் தேசிய விரிவாக்க நினைவகம்’. பெயரில் இருந்து ‘விரிவாக்கம்’, அதாவது அமெரிக்கா மேற்கே பரவியது, போய்விட்டது, உள்ளே சொல்லும் கதை முழுக்க அதுதான். ஆறு கேலரிகள், கால வரிசையில். வரிசை மாற்றினால் கதை புரியாது, ஆகவே 1764-இல் தொடங்குங்கள்.

அந்த ஆண்டுதான் பியர் லக்லீடும் அவருடைய இளம் உதவியாளன் ஒகுஸ்த் ஷூட்டோவும் இந்த மேட்டில் ரோமத் தோல் வியாபாரத்துக்காகக் கடை போட்டார்கள். மிசூரி ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே, வெள்ளம் எட்டாத மேடு. மரத்துண்டுகளைச் செங்குத்தாக மண்ணில் ஊன்றிக் கட்டிய பிரெஞ்சு வீட்டின் மாதிரியை உள்ளே காணலாம். அமெரிக்கர்கள் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இது ஓசேஜ் பழங்குடி மக்களோடு வியாபாரம் செய்து வாழ்ந்த ஒரு பிரெஞ்சு ஊர், அதுவும் ஸ்பெயின் ஆட்சியில். ‘காட்டை வெட்டி ஊர் ஆக்கினார்கள்’ என்ற பள்ளிக்கூடக் கதை இந்த முதல் அறையிலேயே உடைகிறது.

இரண்டாவது, ‘ஜெபர்சனின் கனவு’. நிதானமாக நிற்கவேண்டிய அறை இது. 1803 ஏப்ரல் 30 தேதியிட்ட ஒப்பந்தத்தில் ஸ்பெயினிடமிருந்து பிரான்சுக்குத் திரும்பிய லூயிசியானாவை, அதாவது மிசிசிப்பிக்கு மேற்கே பரந்த பிரதேசத்தை, நெப்போலியன் அமெரிக்காவுக்கு 1.5 கோடி டாலருக்கு விற்றார். ஹெயிட்டியில் அடிமைகளின் எழுச்சியை அடக்கப்போன அவருடைய படை மஞ்சள் காய்ச்சலிலும் போரிலும் அழிந்தபின், மேற்கே ஒரு பேரரசு வைத்திருப்பதில் அவருக்குப் பொருள் இல்லாமல் போனது. விலையில் 1.125 கோடி பிரான்சுக்கு. மீதி 37.5 லட்சம், பிரான்ஸ் மேல் அமெரிக்கக் குடிமக்களுக்கு இருந்த பாக்கியை அமெரிக்க அரசே ஏற்றுக்கொண்ட தொகை. கையில் ரொக்கம் இல்லை, ஆறு சதவீத வட்டிப் பத்திரம். அதைக் காசாக்கித் தந்தது லண்டன் பேரிங் வங்கியும் ஆம்ஸ்டர்டாம் ஹோப் வங்கியும். பிரான்சோடு அப்போது போரில் இருந்த பிரிட்டனின் வங்கி நெப்போலியனுக்குப் பணம் புரட்டித் தந்தது. வியாபாரத்துக்கு நாடு ஏது!

இதில் எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டு வெளியே வரும் கணக்கு, ஏக்கர் மூன்று சென்ட். 8,28,000 சதுர மைல், அன்றைய அமெரிக்காவின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, வகுத்தால் மூன்று சென்ட்டுக்கும் குறைவு. எண் சரி, ஆனால் வாங்கியது நிலம் இல்லை. அங்கே வாழ்ந்த மக்களிடமிருந்து நிலத்தைப் பெறும் உரிமை வேறு எந்த ஐரோப்பிய அரசுக்கும் இல்லை, இனி அமெரிக்காவுக்கு மட்டும்தான் என்ற பாத்தியதை அது. நம் ஊர் பாஷையில் சொன்னால், குடியிருப்பவரைக் கேட்காமல் தரகர்கள் இருவர் தங்களுக்குள் முடித்துக்கொண்ட ஒப்பந்தம். குடியிருப்பவர்களிடம் பேசும் வேலை பிறகுதான் தொடங்கியது, அதில் பெரும்பகுதி இந்த ஊரில் நடந்தது. 1804 நவம்பரில் செயின்ட் லூயிஸில் சாக், மெஸ்க்வாக்கி பழங்குடி மக்களில் சிலர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இன்றைய இல்லினாய், மிசூரி, விஸ்கான்சின் மாநிலங்களில் பரந்த நிலம் கைமாறியது. விலை 2,234 டாலர் 50 சென்ட் மதிப்புள்ள பொருட்கள், ஆண்டுக்கு ஆயிரம் டாலர். நிலத்தை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் கையெழுத்திட்டவர்களுக்கு இல்லை என்று அந்த மக்கள் சொன்னதே, சாக் தலைவர் பிளாக் ஹாக் பெயரால் அழைக்கப்படும் 1832-இன் போர் வரை இழுத்தது. மூன்று சென்ட் கணக்கைப் பார்க்கும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வாங்கிய பிரதேசத்தை ஆராய்ந்து மேற்குக் கடல் வரை போன லூயிஸ், கிளார்க் பயணம் பற்றியும் அப்படித்தான். 1804 மே மாதம் கிளம்பி 1806 செப்டம்பர் 23 அன்று இந்தக் கரைக்குத் திரும்பியதோடு பலருக்குக் கதை முடிந்துவிடுகிறது. வில்லியம் கிளார்க் அதன்பின் 1838-இல் இறக்கும்வரை இங்கேயே இருந்து பழங்குடியினர் விவகாரங்களைக் கவனித்த அதிகாரி. மேற்கே இருந்த மக்களோடு செய்த ஒப்பந்தங்கள் பலவற்றில் அவர் கையெழுத்து உண்டு. ஓசேஜ் மக்கள் இன்றைய மிசூரியின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்த 1808 ஒப்பந்தமும் அவர் முன்னின்று நடத்தியது.

இந்த அறையில் தமாஷான ஒரு சங்கதியும் உண்டு. ஸ்பெயின் கொடியை இறக்கிப் பிரெஞ்சுக் கொடியை ஏற்றி, அதை இறக்கி அமெரிக்கக் கொடியை ஏற்றியது 1804 மார்ச் 9, 10 ஆகிய இரண்டே நாட்களில். பிரான்ஸ் சார்பில் ஊரைப் பெற்றுக்கொண்டவர் ஏமஸ் ஸ்டாடர்ட் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி. மறுநாள் அமெரிக்கா சார்பில் பெற்றுக்கொண்டவரும் அவரே.

மூன்றாவது அறை மேற்கே குடியேறப் போனவர்களின் வண்டிப் பாதைகள், 1846-48 மெக்சிகோ போர். நாலாவது ஆற்றங்கரை. நீராவிப் படகு முதலில் இங்கே வந்தது 1817-இல். தெற்கே ஆழம் அதிகம், வடக்கே குறைவு என்பதால் பெரிய படகிலிருந்து சிறிய படகுக்குச் சரக்கு மாற்றும் இடமாக ஊர் பெருத்தது. 1840-இல் 16,469 பேர், 1860-இல் 1,60,773 பேர். ஐந்தாவது அறையை வேகமாகக் கடக்கலாம். ஆறாவது, வளைவு கட்டிய கதை. பொறியியல் பிரியர்கள் இங்கிருந்து நகரமாட்டார்கள். மற்றவர்கள் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்: லக்லீட் கடை போட்ட அந்தப் பழைய ஊரைத்தான் 1939 தொடங்கி நாற்பது தெருக்கட்டங்கள் அளவுக்கு இடித்துத் தள்ளி இந்த நினைவகத்துக்கு இடம் செய்தார்கள். மிஞ்சியவற்றில் பெரியது 1834-இன் பழைய கதீட்ரல், வெளியே வந்ததும் தெரியும்.

தொட்டுப் பார்க்கும் மாதிரிகளும் ஒலி விளக்கங்களும் நிறைய இருப்பதால் பார்வைக் குறை உள்ளவர்களுக்கும் சிறுவர்களுக்கும் இது நல்ல மியூசியம். அரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் எழுத்தின் நெரிசல். முழுதும் வாசித்தால் இரண்டு மணி நேரத்தில் முடியாது. இரண்டாவது அறைக்கு முக்கால் மணி நேரம் வைத்துவிட்டு, மற்றவற்றைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

பழைய நீதிமன்றம் புதுப்பித்து 2025 மே மாதம் மீண்டும் திறந்தது, இதற்கும் கட்டணம் இல்லை. அடிமைகளாக இருந்த டிரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியெட்டும் விடுதலை கேட்டு 1846-இல் தொடுத்த வழக்கு இங்கேதான் 1847-இலும் 1850-இலும் விசாரணைக்கு வந்தது. முதலில் தோல்வி, பிறகு வெற்றி, மாநில உச்ச நீதிமன்றத்தில் மறுபடி தோல்வி. 1857 மார்ச்சில் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம், கறுப்பின மக்கள் குடிமக்களே ஆகமுடியாது என்றும், புதிய பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றும் தீர்ப்பளித்தது. வாங்கிய நிலத்தில் அடிமைமுறை எங்கே இருக்கலாம், எங்கே கூடாது என்று 1820-இல் 36 பாகை 30 கலை அட்சரேகையில் கோடு கிழித்தார்கள் அல்லவா, அந்தச் சண்டை உள்நாட்டுப் போராக வெடிக்கப்போகும் பாதையில் ஒரு பெரிய படி இந்தத் தீர்ப்பு. ஆர்ச்சின் மேற்கு ஜன்னலில் நேரே கீழே தெரியும் பச்சைக் குவிமாடம் இந்தக் கட்டடத்துடையதுதான். மேலே போய்வந்த கையோடு இங்கே வந்தால், அரை மணி நேரத்துக்கு முன் பார்த்த அந்த அழகான காட்சி வேறு மாதிரி மனதில் நிற்கும்.

நேரம் மிச்சம் இருந்தால் ஆற்றைத் தாண்டி இருபது நிமிடம் காரில் போனால், பழங்குடி மக்கள் எழுப்பிய கஹோகியா மண்மேடுகள். மியூசியம் 1764-இல் தொடங்குவதால் விட்டுப்போகும் ஆயிரம் ஆண்டுக் கதை அங்கே இருக்கிறது, அங்கே பெரியதான மங்க்ஸ் மேட்டின் உயரம் மட்டும் நூறு அடி. இந்தக் கரையிலும் அப்படி மேடுகள் இருந்தன. பெரிய மேட்டை 1869-இல் வெட்டி மண்ணை அள்ளிவிட்டார்கள். நகரத்துக்குள் மிஞ்சியது சுகர்லோஃப் என்ற மேடு ஒன்று, அதில் ஒரு பகுதியை 2009-இல் ஓசேஜ் மக்களே விலைக்கு வாங்கிக்கொண்டார்கள்.

படகுச் சவாரி வேண்டுமென்றால் அன்று காலை ஆற்றின் மட்டத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வசந்தகால வெள்ளத்தில் கரைச் சாலையே மூழ்கும், அப்போது சவாரி கிடையாது. நன்றி அறிவிப்பு நாள், கிறிஸ்துமஸ், ஜனவரி 1 ஆகிய மூன்று நாட்களும் ஆர்ச் மூடியிருக்கும்.