ஒன்றரை வருஷமாக ஸ்னாப்டிராகன் லேப்டாப்: ரயிலில் சுகம், மேஜையில் சிக்கல்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். மாதம் இரண்டு முறையாவது மதுரையிலிருந்து சென்னைக்கு வைகையில் போக வேண்டியிருக்கும். பழைய லேப்டாப் சார்ஜரோடு சேர்த்து மூன்று கிலோ. திருச்சி வருவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும்.

அதனால்தான் ஸ்னாப்டிராகன் எக்ஸ் பிளஸ் சிப் போட்ட 1.3 கிலோ லேப்டாப்புக்கு மாறினேன். செல்போன்களில் இருக்கும் அதே ஆர்ம் குடும்பத்துச் சிப். மதுரையில் முழு சார்ஜோடு ஏறி, ஏழு மணி நேரத்துக்கு மேல் வேர்டிலும் பி.டி.எஃப்.பிலுமாக வேலை பார்த்து எழும்பூரில் இறங்கும்போது, இன்றைக்கும் 40 சதவீதம் மிச்சம் இருக்கிறது. ராத்திரி முழுக்க மூடி வைத்தாலும் இரண்டு, மூன்று சதவீதம்தான் குறையும். திறந்த உடனே, விட்ட வரியில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கும். மடியில் வைத்தால் தொடை சுடுவதில்லை. போன் சார்ஜரையே இதற்கும் செருகிக்கொள்கிறேன். மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

தமிழ்த் தட்டச்சுக்கு என்ன ஆகுமோ என்று பயந்தேன். விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருப்பதால் அந்தக் கவலை முதல் நாளே போய்விட்டது.

சிக்கல் வீட்டு மேஜையில் வந்தது. பத்து வருஷமாக உழைக்கும் ஸ்கேனரின் யூ.எஸ்.பி. வயரைச் செருகினேன். டிங் என்று சத்தம் வந்தது. சாதனப் பட்டியலில் மஞ்சள் முக்கோணம். ஸ்கேனரை லேப்டாப்போடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரை மூன்று முறை நிறுவிப் பார்த்தும் அதே முக்கோணம்தான். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இன்டெல், ஏ.எம்.டி. சிப்களுக்காக எழுதிய மென்பொருளை விண்டோஸ் 11 ஆர்முக்கு மொழிபெயர்த்து ஓட்டிவிடும். நான் வைத்திருக்கும் பழைய அகராதி மென்பொருள்கூட அப்படித்தான் ஓடுகிறது, திறக்க மட்டும் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆனால் டிரைவர் இயங்குதளத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்து வேலை செய்வது. அங்கே மொழிபெயர்ப்பு கிடையாது. தயாரிப்பாளரே ஆர்முக்கென்று எழுதித் தந்தால்தான் உண்டு. பத்து வருஷப் பழைய ஸ்கேனருக்கு யார் எழுதுவார்கள்? புது வைஃபை பிரிண்டருக்குத் தனி டிரைவரே தேவைப்படவில்லை, சேர்த்ததும் அச்சடித்தது.

கேம் விளையாடுகிறவர்களும் லினக்ஸ் போட நினைப்பவர்களும் இப்போதைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதில் ரேம் மதர்போர்டோடு பற்றவைத்தது, பின்னால் கூட்ட முடியாது. 8 ஜி.பி. போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் 16 கேளுங்கள்.

வாங்கப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் லேப்டாப்பில் செருகுகிற எல்லாவற்றையும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் உட்பட, ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆர்ம் சிப்புக்கென்று எழுதிய டிரைவர் (ஆர்ம்64 என்று போட்டிருக்கும்) இருக்கிறதா என்று அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். எனக்கு ஸ்கேனரைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. பழைய லேப்டாப் இப்போது அதற்குத் துணையாக மேஜையிலேயே கிடக்கிறது.